போராட்டத்துக்கு முன் அந்த ரிப்போர்ட்டைக் கேளுங்கள்

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை பிற்பகல், கிள்ளான் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் என் அலுவலகத்துக்கு வந்தது. அப்பா லோரி ஓட்டுநர், வயது 54. பெருங்குடலில் புற்றுநோய். நான்காம் கட்டம், கல்லீரலுக்கும் பரவிவிட்டது. அவர் வரவில்லை. மனைவியும் மூத்த மகனும் ஒரு பிளாஸ்டிக் கோப்புடன் வந்து உட்கார்ந்தார்கள்.

அவர்கள் புகார் இதுதான். அரசாங்க மருத்துவமனையில் நல்ல மருந்து ஒன்று இருக்கிறது. அதே நோய்க்காக, அதே டே கேர் வார்டில், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மருந்து ஏற்றிக்கொள்பவருக்கு அதைக் கொடுக்கிறார்கள். இவருக்கு மட்டும் இல்லை என்கிறார்கள்.

"கேட்டா, உங்களுக்கு அது ஒத்துவராதுன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாங்க சார். அவரு வேற இனம். நாங்க இந்தியன்னுதானே குடுக்க மாட்டேங்குறாங்க?"

நான் நம்பினேன். நம்பாமல் இருக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. அடையாள அட்டையிலிருந்து பல்கலைக்கழக இடம் வரை, "உங்களுக்கு ஒத்துவராது" என்பதை எத்தனை முகப்பில் நாம் கேட்டிருக்கிறோம்! அன்று மாலையே சுகாதார அமைச்சருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கம். சூடான கடிதம்தான். இந்த இதழுக்கும் ஒரு பிரதி அனுப்புவதாக இருந்தேன்.

வழக்கறிஞர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கடிதத்தோடு இணைக்கும் ஒவ்வொரு தாளுக்கும் எண் போடுவோம். அப்படி எண் போட்டுக்கொண்டே வந்தபோது ஏழாவது தாளில் நின்றேன். ஒரு பக்க ஆய்வுக்கூட ரிப்போர்ட், முழுக்க ஆங்கிலம். 'கேராஸ், கோடோன் 12, மியூட்டேஷன் டிடெக்டட்' என்று நடுவில் ஒரு வரி. எனக்கு விளங்கவில்லை. தெரிந்த டாக்டர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து வாசித்துக் காட்டினேன்.

"கடிதத்தை அனுப்பிவிடாதீர்கள். அந்த மருந்து அவருக்கு வேலை செய்யாது. கொடுத்திருந்தால்தான் நீங்கள் வழக்குப் போட வேண்டும்" என்றார்.

அதற்குள் அந்தக் குடும்பம் ஒரு தனியார் மருத்துவமனையில் விலை விசாரித்திருந்தது. மாதத்துக்கு ஐந்து இலக்கத் தொகை. கோவில் நிர்வாகம் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்திருந்தது. மகன் வாட்சாப்பில் கணக்கு எண்ணைப் போட்டுப் பணம் திரட்டிக்கொண்டிருந்தான். அம்மாவின் தாலிக்கொடி அடகுக்குப் போகத் தயாராக இருந்தது. திங்கட்கிழமை முன்பணம் கட்டுவதாகத் திட்டம்.

அந்த ஏழாவது தாள் என்ன சொன்னது என்பதை எனக்குச் சொல்லப்பட்ட விதத்திலேயே உங்களுக்கும் சொல்கிறேன்.

மருந்தின் பெயர் செடுக்சிமாப். எர்பிடக்ஸ் என்ற பெயரில் விற்கிறது. பனிடுமுமாப் என்று இன்னொன்றும் உண்டு, அதன் விற்பனைப் பெயர் வெக்டிபிக்ஸ். இவை வழக்கமான கெமோ அல்ல. கெமோ வேகமாகப் பெருகும் செல்களையெல்லாம் அடிக்கும், அதனால்தான் முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது. இவையோ ஒரே ஓர் இடத்தைக் குறிவைத்துப் போய்ப் பிடிப்பவை. புற்றுநோய்ச் செல்லின் மேற்புறத்தில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்று ஒரு வாங்கி இருக்கிறது. 'வளர், பெருகு' என்ற உத்தரவு அதன் வழியாகத்தான் உள்ளே போகிறது. இந்த மருந்து அந்த வாங்கியில் போய் உட்கார்ந்துகொண்டு உத்தரவைத் தடுத்துவிடும்.

லோரிக்காரர் வீட்டு ஆட்களிடம் நான் லோரியை வைத்தே சொன்னேன். ஈ.ஜி.எஃப்.ஆர். என்பது எண்ணெய் மிதி. மருந்து, மிதியிலிருந்து காலைத் தூக்கிவிடுகிறது. நல்ல வண்டியானால் வேகம் குறையும். ஆனால் மிதியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் கேபிள் நடுவில் இறுகிச் சிக்கிக்கொண்டிருந்தால்? காலை எடுத்தும் பயனில்லை, வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். கேராஸ், என்ராஸ் என்பவை அந்தக் கேபிள் போன்றவை. அவற்றில் மியூட்டேஷன், அதாவது பிழை, ஏற்பட்டிருந்தால் மேலே எத்தனை ஆயிரம் ரிங்கிட் மருந்தை ஊற்றினாலும் கீழே உத்தரவு போய்க்கொண்டே இருக்கும். பிழை இல்லாமல் இருந்தால் அதை 'வைல்ட் டைப்' என்று ரிப்போர்ட்டில் எழுதுவார்கள். பெயர் பயமுறுத்தும். ஆனால் நமக்கு வேண்டிய பதில் அதுதான்.

மகன் சட்டென்று சொன்னான்: "அப்பா லோரில ஒரு தடவை அப்படித்தான் ஆச்சு சார்." அவனுக்குப் புரிந்துவிட்டது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

இது ஏதோ ஒரு டாக்டரின் சொந்த அபிப்பிராயம் அல்ல. செடுக்சிமாப் 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது இந்த விஷயம் தெரியாது. எல்லாருக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு கனடாவும் ஆஸ்திரேலியாவும் சேர்ந்து நடத்திய ஒரு பெரிய ஆய்வில், வேறு சிகிச்சை எதுவும் மிச்சமில்லாத நோயாளிகளின் கட்டி மாதிரிகள் 394-ஐ எடுத்துச் சோதித்தார்கள். அவற்றில் 42.3 விழுக்காட்டில் கேராஸ் பிழை இருந்தது. பிழை இல்லாதவர்களில், மருந்து கிடைத்தவர்களின் சராசரி ஆயுள் 9.5 மாதம், கிடைக்காதவர்களுடையது 4.8 மாதம். பிழை இருந்தவர்களிடமோ, மருந்து கிடைத்தவர்களுக்கு 4.5 மாதம், கிடைக்காதவர்களுக்கு 4.6 மாதம். ஒரு வித்தியாசமும் இல்லை! இது 2008 அக்டோபரில் வெளியானது. மறு ஆண்டு ஜூலையில், கேராஸ் பிழை உள்ளவர்களுக்கு இந்த மருந்துகள் வேண்டாம் என்று அமெரிக்க அரசின் மருந்துத் துறை மருந்துக் குறிப்பையே மாற்றச் செய்தது. என்ராஸையும் கேராஸின் மற்றப் பகுதிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று 2013-இல் தெரிந்தது. எல்லாவற்றையும் கூட்டினால் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இந்த மருந்து வேலை செய்யாது.

பணம்தானே போகிறது, முயற்சி செய்து பார்ப்போமே என்று சிலர் சொல்வார்கள். அந்த 2013 ஆய்வை நினைவில் வையுங்கள். பிழை உள்ளவர்களுக்கு ஆக்சாலிபிளாட்டின் கெமோவுடன் பனிடுமுமாப்பைச் சேர்த்துக் கொடுத்தபோது, கெமோ மட்டும் பெற்றவர்களைவிட அவர்கள் நிலை மோசமாகத்தான் போனது. முகத்திலும் மார்பிலும் பருக்கள் கொப்பளித்து எழுவது, மெக்னீசியச் சத்து இறங்குவது போன்ற பக்கவிளைவுகளும் பலன் கிடைக்கிறதோ இல்லையோ வந்து சேரும்.

ஆக, அந்த மருத்துவமனை லோரிக்காரருக்குச் செய்தது சரி. பக்கத்து நாற்காலிக்காரரின் கட்டி வேறு, இவருடைய கட்டி வேறு. கேராஸ் இனம் பார்ப்பதில்லை. நம் இயக்கத்தில் சிலருக்கு இது கசக்கும். எனக்கும் கசந்தது. இரண்டு பக்கக் கடிதத்தை மூடி வைப்பது சுலபமாக இல்லை.

ஆனால் அங்கே தப்பே நடக்கவில்லையா? நடந்தது. ஒரு குடும்பம் தாலிக்கொடியை விற்கும் அளவுக்குப் போன முடிவை, மகனுக்கு ஐந்து நிமிடத்தில் புரியக்கூடிய விஷயத்தை, யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. ஆங்கிலத் தாளைக் கோப்பில் செருகிக் கொடுத்தார்கள். டாக்டருக்கு வெளியே நாற்பது பேர் காத்திருப்பது எனக்குத் தெரியும், அவர்மேல் கோபம் இல்லை. அந்த அறையில் தமிழ் தெரிந்த தாதி ஒருவர்கூட இல்லாமல் போனதும், மலாயில் சுருக்கமாகச் சொன்ன ஒரு வாக்கியத்தை ஓர் இனத்துக்கே சொன்ன பதிலாக அந்த அம்மா எடுத்துக்கொண்டதும் எங்கிருந்து வந்தவை என்று யோசியுங்கள். விளக்கம் கிடைக்காத இடத்தில் சந்தேகம்தான் குடிவரும். நமக்கோ சந்தேகப்பட ஐம்பது ஆண்டுக் காரணம் இருக்கிறது.

சட்டம் இதில் நம் பக்கம். ஃபூ ஃபியோ நா வழக்கில் 2006 டிசம்பர் 29 அன்று நம் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சிகிச்சையைப் பற்றி நோயாளிக்கு எதைச் சொல்ல வேண்டும் என்பதை டாக்டர்கள் தங்களுக்குள் தீர்மானித்துக்கொள்ள முடியாது, அந்த நோயாளியின் இடத்தில் இருப்பவர் எதை முக்கியமாகக் கருதுவாரோ அதைச் சொல்லியாக வேண்டும் என்பது அதன் சாரம். நோயைக் கண்டறிவதிலும் சிகிச்சை அளிப்பதிலும் பழைய அளவுகோலே நிற்கும், ஆனால் ஆலோசனை சொல்லும் கடமைக்கு இந்த அளவுகோல்தான் என்று 2017-இல் அதே நீதிமன்றம் உறுதி செய்தது. ஒரு மருந்து வேலை செய்யுமா செய்யாதா என்பதைக் காட்டும் பரிசோதனை இருக்கிறது, அதன் முடிவு இன்னது என்பதைவிட முக்கியமான தகவல் வேறு என்ன இருக்க முடியும்? ரிப்போர்ட்டைக் காட்டி, புரிகிற மொழியில் சொல்லச் சொல்லுங்கள். கெஞ்ச வேண்டியதில்லை. மருத்துவப் பதிவேடுகளைப் பார்க்க நோயாளிக்கு உரிமை உண்டு, அது வரம்பற்ற உரிமை அல்ல என்றாலும் உரிமைதான் என்று உயர்நீதிமன்றம் 2015-இல் வெளியான ஒரு தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. தனியார் மருத்துவமனையானால், கட்டணம் கட்டி மருத்துவ அறிக்கை கேட்டால் நியாயமான காலத்துக்குள் தர வேண்டும் என்று 2006 விதிமுறைகளிலேயே இருக்கிறது.

இப்போது இன்னொரு குடும்பத்தின் கதை. போராட வேண்டிய இடம் எது என்பதை எனக்குக் காட்டியது இதுதான்.

கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஓர் அக்கா, வயது 47. குடலின் இடதுபக்கக் கட்டி. மாவட்ட மருத்துவமனை ஒன்றில் அறுவை சிகிச்சை முடிந்து, வேறோர் ஊரில் உள்ள பெரிய மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே டாக்டர் ராஸ் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஐந்து மாதம் ஆகியும் முடிவு வரவில்லை. ஏன் என்று விசாரித்தால், அறுவையின்போது வெட்டியெடுத்த கட்டித் துண்டு பழைய மருத்துவமனையின் ஆய்வுக்கூட அலமாரியிலேயே இருந்தது. அதை யாரும் கேட்டு வாங்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்!

இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தப் பரிசோதனைக்கு மறுபடி உடம்பை வெட்ட வேண்டியதில்லை. பயாப்ஸியிலோ அறுவையிலோ எடுத்த துண்டை மெழுகுக் கட்டியில் பதித்து வைத்திருப்பார்கள், அதை 'பிளாக்' என்பார்கள். அதிலிருந்து மெல்லிய சீவல் எடுத்தாலே போதும். அந்தப் பிளாக்குக்கு ஓர் எண் உண்டு. ஆய்வுக்கூட ரிப்போர்ட்டின் மேல் மூலையில் அச்சிட்டிருப்பார்கள். அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதிய நான்கு வரிக் கடிதத்தில் அந்த எண்ணைத்தான் போட்டேன். ஒன்பதாவது நாள் பிளாக் போய்ச் சேர்ந்தது.

முடிவு வந்தது. கேராஸ், என்ராஸ் இரண்டும் வைல்ட் டைப். கட்டி இடதுபக்கம் என்பதும் சாதகம். வலதுபக்கக் கட்டிகளுக்கு, ராஸ் சரியாக இருந்தாலும், இந்த மருந்து பெரும்பாலும் பலன் தருவதில்லை என்று சில ஆண்டுகளாகத் தெரிந்திருக்கிறது. அக்காவுக்கு எல்லாப் பக்கமும் கதவு திறந்திருந்தது. அப்போதுதான் அந்தப் பதில் வந்தது: இந்த ஆண்டு ஒதுக்கீடு முடிந்துவிட்டது, ஜனவரிக்குப் பிறகு பார்க்கலாம்.

லோரிக்காரருக்காக நான் எழுதிய சூட்டை இங்கே அல்லவா வைத்திருக்க வேண்டும்! மருந்து வேலை செய்யும் என்று அரசாங்கத்தின் சொந்த ரிப்போர்ட் சொல்கிறது. நோயோ ஜனவரி வரை காத்திருக்காது. ஐந்து மாதம் பிளாக் அலமாரியில் தூங்காமல் இருந்திருந்தால் ஒதுக்கீடு இருந்த காலத்திலேயே அவர் பெயர் பட்டியலில் ஏறியிருக்கும். வசதியுள்ளவர் இந்த ஐந்து மாதத்தை ஒரே வாரத்தில் கடந்துவிடுவார். தனியார் ஆய்வுக்கூடத்துக்குத் தானே பிளாக்கை எடுத்துப் போவார். இங்கே பாகுபாடு இருக்கிறது, ஆனால் அது கேட்கத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் இடையில் ஓடுகிறது. நம்மவர்களில் பெரும்பாலோர் அதன் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று நான் சொல்ல வேண்டுமா?

மருத்துவமனையின் மருத்துவச் சமூகநல அதிகாரியைப் பார்த்து, சுகாதார அமைச்சின் தாபோங் பந்துவான் பெருபாத்தான் உதவிநிதிக்கு விண்ணப்பம் போட்டோம். மருத்துவமனையில் கிடைக்காத மருந்துக்காகவும் கருவிக்காகவும் ஏழை நோயாளிகளுக்கென்று இருக்கும் நிதி அது. நம் குடும்பங்களில் பலருக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. கோவில் உண்டியலுக்கும் வாட்சாப்புக்கும் போவதற்கு முன் அந்த அதிகாரியின் கதவைத் தட்டுங்கள். மருந்து நிறுவனத்தின் உதவித் திட்டம் ஏதும் உண்டா என்றும் அவரிடமே கேளுங்கள். வேலை செய்துகொண்டிருந்தவர் 60 வயதுக்கு முன் இந்த நோயால் சம்பாதிக்க முடியாமல் போனால், சொக்சோவின் கெயிலாத்தான் திட்டத்தில் ஓய்வூதியம் கோரலாம், விபத்தாக இருக்க வேண்டிய அவசியமில்லை. இ.பி.எஃப். பணத்தில் அக்காவுன் செஜாத்ராவிலிருந்து சிகிச்சைக்காக எடுக்க வழி உண்டு. முன்பு இரண்டாம் கணக்கு என்று இருந்ததுதான் 2024 மே முதல் இந்தப் பெயரில் இருக்கிறது. ஆனால் ராஸ் ரிப்போர்ட் கையில் வராமல், இந்த மருந்துக்காக என்று அதில் ஒரு காசும் தொடாதீர்கள்.

இன்னொரு விஷயம். இதை எழுதத் தயங்கினேன், ஆனாலும் எழுத வேண்டும். 'மரபணுச் சோதனை' என்று தமிழில் சொன்னவுடன் நம் வீடுகளில் ஒரு பயம் வருகிறது. லோரிக்காரரின் மனைவி என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "இது ரத்தத்துல இருக்குன்னா, என் மகளைக் கட்டிக் குடுக்கும்போது சொல்லணுமா சார்?" இல்லை அம்மா. கேராஸ் பிழை அப்பாவின் கட்டியில் பின்னால் ஏற்பட்டது. அவருடைய பெற்றோரிடமிருந்து அவருக்கு வரவில்லை, அவரிடமிருந்து பிள்ளைகளுக்கும் போகாது. இந்தப் பயத்தால் ரிப்போர்ட்டை ஒளித்து வைப்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம்.

குடும்பத்தில் ஓடும் வகையும் உண்டு, அதற்கு லிஞ்ச் நோய்க்குறி என்று பெயர். பெருங்குடல் புற்றுநோயாளிகளில் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். அதே பிளாக்கில் செய்யும் எம்.எம்.ஆர். அல்லது எம்.எஸ்.ஐ. என்ற வேறொரு சோதனை அதற்கு முதல் தடயம் கொடுக்கும். அப்படி வந்தால் மறைக்காமல் அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், அவர்கள் இளவயதிலேயே குடலைப் பரிசோதித்துக்கொண்டால் உயிர் பிழைக்கலாம். அந்தச் சோதனையில் மாறுபாடு தெரியும் சிறு பகுதியினருக்கு வேறு வகை மருந்து, நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் மருந்து, நன்றாக வேலை செய்கிறது என்று 2020-இல் நிரூபித்திருக்கிறார்கள். பிராஃப் என்ற இன்னொரு பிழைக்கும் அதே ஆண்டில் தனி மருந்துக் கூட்டு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எல்லாமே பிளாக்கைச் சோதித்தவருக்கு மட்டும்.

ஆகவே நம் கோரிக்கை 'எங்களுக்கும் அந்த மருந்தைக் கொடு' என்பதாக இருக்கக்கூடாது. பெருங்குடல் புற்றுநோய் பரவிவிட்டது என்று தெரிந்த அன்றே, யாரும் மனுப் போடாமல், அரசாங்க மருத்துவமனையே ராஸ், பிராஃப், எம்.எம்.ஆர். மூன்றையும் இலவசமாகச் செய்ய வேண்டும். முடிவை மலாய், தமிழ், சீனம் எதில் வேண்டுமோ அதில் அரைப் பக்கம் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். வைல்ட் டைப் என்று வந்த எத்தனை பேருக்கு மருந்து கிடைத்தது, எத்தனை பேர் ஒதுக்கீட்டுக்காகக் காத்திருந்தார்கள் என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அந்தக் கணக்கு வந்தால் பாகுபாடு இருக்கிறதா இல்லையா என்று நான் ஊகிக்க வேண்டியிருக்காது. எண்களை வைத்துக்கொண்டே பேசலாம்.

2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூர் வீதியில் கண்ணீர்ப் புகையை வாங்கியவர்களில் பலர் இன்று ஐம்பதைத் தாண்டியவர்கள். உங்களுக்கு ஒரு வார்த்தை. 50 முதல் 75 வயது வரை உள்ளவர்களுக்கு அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானில் மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனை செய்கிறார்கள். ஒரு சின்னக் குப்பியில் மாதிரி கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். அசிங்கம் என்று நினைத்துத் தள்ளிப் போடாதீர்கள். இந்த நாட்டில் இந்த நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் மருத்துவமனைக்கு வருகிறார்கள். முதல் கட்டத்திலேயே பிடிபட்டவருக்குக் கேராஸும் தேவையில்லை, செடுக்சிமாப்பும் தேவையில்லை, அறுவை சிகிச்சையே பெரும்பாலும் போதும்.

லோரிக்காரர் அரசாங்க மருத்துவமனையிலேயே வழக்கமான கெமோவைத் தொடர்ந்தார். ஒவ்வொரு முறையும் 5 ரிங்கிட் கட்டிவிட்டு டாக்டரைப் பார்த்தார். ஏழு மாதம் கழித்து வீட்டில், தன் கட்டிலில் இறந்தார். தாலிக்கொடி அடகுக்குப் போகவில்லை. கோவில் பணத்தை அந்த அம்மா ரசீதோடு திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கையுறைத் தொழிற்சாலை அக்காவுக்கு உதவிநிதி அனுமதி கிடைத்து, மார்ச் மாதம் முதல் ஊசி ஏற்றினார்கள். முகமெல்லாம் பரு, வெயிலில் போக முடியவில்லை என்று திட்டிக்கொண்டே இருக்கிறார். கடைசி ஸ்கேனில் கல்லீரல் கட்டிகள் சுருங்கியிருக்கின்றன. அவருடைய பிளாக் ஏன் ஐந்து மாதம் அலமாரியில் கிடந்தது, அதே அலமாரியில் இன்னும் எத்தனை பேருடையது இருக்கிறது என்று கேட்டு இரண்டு மருத்துவமனைகளின் இயக்குநர்களுக்கும் கடிதம் போட்டிருக்கிறோம். ஒருவரிடமிருந்து 'கவனத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டது' என்று ஒரு வரி வந்திருக்கிறது. மற்றவரிடமிருந்து எதுவும் இல்லை. வரும் திங்கட்கிழமை நினைவூட்டல் கடிதம் போகிறது.